நத்தையை எழுப்பி நலம் விசாரிப்பவர்

மனிதர்களில் தொந்தரவு செய்யும் இனங்கள் பல உண்டு. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்ட பிறகு முக்கியமான விஷயத்தை ஆரம்பிப்பவர், நம் தோளுக்கு மேலாக எட்டி நம் செய்தித்தாளைப் படிப்பவர், பாதி நகைச்சுவை சொல்லும்போதே தானே சிரித்து முடித்துவிடுபவர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் போய்விடுவார்கள். ஆனால் முகத்தைத் தூக்கவே விடாத இனம் ஒன்று இருக்கிறது. முகத்தைத் தூக்கினால், "ஏன் முகம் வாடியிருக்கு?" என்று இன்னும் கிட்டே வந்து உட்கார்ந்துகொள்ளும் இனம். அதற்கு அக்கறைக்காரர் என்று பெயர்.

உங்களுக்கு அவரைத் தெரியும். அசந்து தூங்குகிறவரின் தோளைத் தட்டி, "நல்லாத் தூங்குறியா?" என்று கேட்பவர் அவர்தான். புண் ஆறுகிறதா என்று கட்டை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்து அதை ஆறவிடாமல் செய்பவர், அரிசி வெந்ததா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்து அதை வேகவிடாமல் செய்பவர், ஊன்றிய விதை முளைவிட்டதா என்று மறுநாளே தோண்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் இல்லை" என்று வருத்தத்தோடு திரும்பப் புதைப்பவர், எல்லாம் அவர்தான். கெட்ட எண்ணமா? துளிகூடக் கிடையாது. இருந்தால் ஒரு சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாமே!

இந்த இனத்தில் நல்ல திடகாத்திரமான ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் சூப்பர்வைசர். வீட்டிலும் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது, மனைவிகூட, "சூப்பர்வைசர், குளிச்சாச்சா?" என்றுதான் கேட்பாள். கிடங்கில் உறைந்த பட்டாணி, மீன், ஐஸ்கிரீம் எல்லாம் இவர் பொறுப்பில். உள்ளே குளிர் குறையாமல் இருக்கிறதா என்று இவர் கதவைத் திறந்து திறந்து பார்த்ததில் பட்டாணிக்கு வியர்த்துவிட்டது. மேலிடத்தார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, திறக்காமலே தெரிந்துகொள்ளக் கதவுக்கு வெளியே ஒரு வெப்பமானியை மாட்டிக் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் என்ன செய்தார்? வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கக் கதவைத் திறந்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அவருடைய ஒரே மகள் தன் மீன்தொட்டியை ஒப்படைத்துவிட்டுப் போனாள். அவள் நர்ஸ். வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. தொட்டியோ சாதாரணத் தொட்டி இல்லை, உப்புநீர்த் தொட்டி. ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன்கள். அடியில் நாலு விரல் உயரத்துக்கு வெள்ளை மணல். அந்த மணலுக்குள் ஆறு நத்தைகள்.

இந்த நத்தைகளின் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவை நாளெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடக்கும். யானைத் தும்பிக்கையைச் சின்னதாக்கினாற்போல ஒரு குழாயை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டு வாசனை பட்டால் போதும், மணலைப் பிளந்துகொண்டு மேலே வந்து, மீன்கள் மிச்சம் வைத்ததையெல்லாம் தின்றுவிட்டு, மறுபடி உள்ளே போய்விடும். மணலைக் கிளறிச் சுத்தமாக வைத்திருப்பதே இவைதான். மற்றபடி இவற்றுக்கு யாரும் வேண்டாம், எதுவும் வேண்டாம். சூப்பர்வைசருக்கு நேர்மாறான பிறவிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் கிளம்பும் அன்று தெளிவாகத்தான் சொன்னாள்.

"அப்பா, மணல்ல அழுக்குப் படிஞ்சா ரப்பர் குழாயை மேலாகப் பிடிச்சு லேசா உறிஞ்சி எடுத்தாப் போதும். இந்த வாரம் பாதித் தொட்டி, அடுத்த வாரம் மீதி. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இன்னொரு பக்கத்துல ஒரு துண்டு இறால் போடுங்க, நத்தையெல்லாம் தானா அங்க போயிடும். ஆழமா மட்டும் கிளறிடாதீங்க."

"இதெல்லாம் எனக்குச் சொல்லணுமாம்மா?" என்றார் சூப்பர்வைசர்.

சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொல்லியும் பிரயோஜனமில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வாளி, குழாய், டார்ச் சகிதம் தொட்டி முன்னால் நின்றார். இறால் போட்டார். நத்தைகள் எழுந்து அந்தப் பக்கம் போய்த் தின்றுவிட்டு அங்கேயே புதைந்துகொண்டன. அப்போதுதான் அவருக்குள் இருந்த அக்கறைக்காரர் விழித்துக்கொண்டார். எல்லாம் போய்விட்டன என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஒன்று சோம்பேறியாக இருந்தால்? ஒன்றுக்கு மூக்கு மந்தமாக இருந்தால்? நாம் பாட்டுக்குக் குழாயை வைக்க, அது பாட்டுக்கு அதில் மாட்டிக்கொண்டால்? மகளுக்கு என்ன பதில் சொல்வது? ஆகவே நத்தைகளுக்குத் தீங்கு நேராமல் இருக்கும்பொருட்டு, சூப்பர்வைசர் நத்தைகளைத் தோண்ட ஆரம்பித்தார்.

சமையலறையிலிருந்து கரண்டியும் டீ வடிகட்டியும் வந்தன. ஒவ்வொரு நத்தையாக அள்ளி, கிண்ணத்தில் வைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று ஓட்டின் மேல் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே இருந்தவர் உடம்பைச் சுருட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். "சாத்திக்கிச்சு. அப்போ நல்லா இருக்கு!" என்று அடுத்ததைத் தட்டினார். பிறகு ஆறையும் மணலில் வைத்தார். அவை அலுப்போடு இறங்கிப் படுத்தன. சாப்பிட்டுவிட்டு வந்ததும் சூப்பர்வைசருக்கு ஒரு சந்தேகம்: அவசரத்தில் எதையாவது தலைகீழாக வைத்துவிட்டோமோ? மறுபடியும் கரண்டி.

பிறகு மகளுக்குப் போன். அவள் இரவு டியூட்டி முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான் போன் செய்தார். தூங்குகிறாளா என்று தெரிய வேண்டாமா?

"தூங்கிட்டியாம்மா?"

"தூங்கிட்டுத்தான்பா இருந்தேன்."

"நல்லாத் தூங்கு, நல்லாத் தூங்கு. ஆறு பேரும் சௌக்கியம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"தோண்டினீங்களாப்பா?"

"தோண்டலையே. சும்மா பாத்தேன்."

"எப்படிப் பாத்தீங்க?"

"தோண்டித்தான்."

இப்படியே வாரங்கள் போயின. ஒருநாள் ஒரு நத்தை மணலுக்குள் போகவே இல்லை. மேலேயே மல்லாந்து கிடந்தது. சூப்பர்வைசருக்குப் பெருமை பிடிபடவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா? என்கிட்ட பழகிடுச்சு. பயமே இல்லை."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "பழகலை. செத்துப்போச்சு."

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கேலிக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே துக்கப்பட்டார். துக்கப்பட்டு, யோசித்து, ஒரு முடிவுக்கும் வந்தார்: தன் கவனிப்பு போதவில்லை. அன்றிலிருந்து வாரச் சோதனை தினச் சோதனை ஆயிற்று. கொஞ்ச நாளில் இரண்டாவது நத்தையும் மல்லாந்தது.

"என்ன வியாதின்னே புரியலையே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எனக்குப் புரியுது," என்றாள் மனைவி. "கண்ணாடி முன்னாடி போய் நின்னு பாருங்க, தெரியும்."

மகளிடம் இரண்டு சாவையும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "எல்லாரும் சௌக்கியம்" என்றே சொல்லிவந்தார். அதற்குள் மகளும் மாறியிருந்தாள். முதலில் மூன்றாவது மணியில் எடுத்துக்கொண்டிருந்த போனை, பிறகு அடித்து ஓய்ந்த பின் பார்க்கத் தொடங்கினாள். பதிலுக்கு "நல்லா இருக்கேன்" என்று இரண்டே சொல்லில் செய்தி வரும். சொல் குறையக் குறைய அவர் கூப்பிடுவது கூடியது. ஒருநாள் அவளே அழைத்து, "வெள்ளிக்கிழமை லீவுல வர்றேன்பா, ஆசை தீரத் தூங்கணும்" என்றாள். பையைக் கீழே வைப்பதற்கு முன்னால் அவள் எங்கே போய் நிற்பாள் என்று அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் தொட்டிக்குள் கையை விட்டார். மீதி நான்கையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். வழக்கமான இடத்தில் ஒன்றுமில்லை. பக்கத்தில் தோண்டினார், ஒன்றுமில்லை. பின்னால், ஓரத்தில், கல்லுக்கடியில், கண்ணாடித் தரை தட்டும்வரை தோண்டினார். அடியில் பல நாள் அசையாமல் கிடந்த மணல் கறுப்பாகப் புரண்டு வந்தது. அழுகிய முட்டை நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது. தண்ணீர் கலங்கி, மீன்கள் இரண்டும் எங்கேயோ மறைந்தன. அழைப்பு மணி அடித்தது.

மகள் உள்ளே வந்தாள். முழங்கை வரை சொட்டச் சொட்ட, டீ வடிகட்டியும் கையுமாக அப்பா நின்றார்.

"எத்தனை இருக்கு?"

"தெரியலைம்மா. ரெண்டு முன்னாடியே போயிடுச்சு. மிச்சத்தை..." சூப்பர்வைசர் வடிகட்டியைக் கீழே வைத்தார். "மிச்சத்தையும் நானே கொன்னுட்டேன்னு நினைக்கிறேன்."

அவள் கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. வாளியில் தயாராக இருந்த புது உப்புநீரைக் கலங்கலுக்குப் பதிலாக மாற்றி ஊற்றினாள். தண்ணீர் ஒருவாறு தெளிந்து மீன்கள் இரண்டும் கண்ணில் பட்டதும் ஒரு துண்டு இறாலை மூலையில் வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கையைக் கட்டிட்டு உக்காருங்கப்பா."

உட்கார்ந்தார். அதைவிடக் கஷ்டமான வேலையை அவர் வாழ்நாளில் செய்ததில்லை.

"அந்த மூலையில மட்டும் லேசா..."

"அப்பா."

"ஒரே ஒரு விரலை வெச்சு..."

"அப்பா!"

வெகுநேரம் கழித்து மணலில் ஒரு குழாய் முளைத்தது. இப்படியும் அப்படியும் மோப்பம் பிடித்தது. பிறகு மணல் மேடு தட்டி, ஒரு நத்தை வெளியே வந்து இறாலை நோக்கிக் கிளம்பியது. பின்னாலேயே இன்னொன்று. கொஞ்சம் பொறுத்து மூன்றாவது. சூப்பர்வைசர் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையை எடுத்தார். மகள் முறைத்தாள். மறுபடி கட்டிக்கொண்டார்.

"நாலாவது?"

"வரும்போது வரும்."

"வரலைன்னா?"

"தோண்டினா மட்டும் வந்துடுமா?" அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்தாள். "போன்ல உங்க பேரைப் பாத்தா, எனக்கும் இப்பல்லாம் மணலுக்குள்ள போயிடலாமான்னுதான்பா இருக்கு."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சூப்பர்வைசருக்குச் சுருக்கென்றது.

சாத்திய கதவு. அக்கறைக்காரர் ஒருவரின் முன்னால் அதைவிடக் கொடுமையான பொருளை வைக்க முடியாது. மின்விசிறி போட்டுக்கொண்டாளா? போர்வை இருக்கிறதா? பசியோடு படுத்துவிட்டாளோ? கை தானாக எழுந்தது. விரல் முட்டி கதவுக்குக் கிட்டே போனது. அந்த முட்டியை அவரே ஒரு தடவை பார்த்தார். ஓடுகளையெல்லாம் தட்டிய அதே முட்டி. கையை இறக்கிக்கொண்டார்.

இறக்கிய கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சமையலறைக்குப் போய்க் காபி போட்டார். நல்ல கெட்டியான காபி. சமையலறைக் கதவை விரியத் திறந்து வைத்தார். காபி ஆறியது. கொட்டிவிட்டு மறுபடி போட்டார். அதுவும் ஆறியது. மறுபடி போட்டார். வீடே மணத்துக் கிடந்தபோது தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு கொஞ்சமாகத் திறந்து முதலில் ஒரு மூக்கு வந்தது. பிறகு கலைந்த தலையோடு மகள் வந்தாள். எதிரே உட்கார்ந்து காபியைக் குடித்தாள். சூப்பர்வைசர் வாயைத் திறக்கவில்லை. கேள்விகள் தொண்டைவரை வந்து வரிசையில் நின்றன. விழுங்கினார்.

அவளாகவே சொன்னாள்: "நல்லாத் தூங்கினேன்பா."

கேட்காமல் கிடைத்த பதிலை அவர் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. சந்தோஷத்தில் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மனைவி வந்தாள். பார்த்தாள். "ஏன் பேசாம உக்காந்திருக்கீங்க? உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் பேசாம இருக்கீங்க?" நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நாக்கை நீட்டுங்க." கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, தெர்மாமீட்டர் தேட உள்ளே போனாள். இந்த இனம் எங்கே அழியப்போகிறது!

கதை இவ்வளவுதான். நீங்கள் சிரித்துக்கொண்டே, நமக்குத் தெரிந்த யார் யாரெல்லாம் இப்படி என்று பெயர்களை எண்ணிக்கொண்டிருப்பீர்கள். எண்ணுங்கள். ஆனால் உள்ளுக்குள் ஒன்று உறுத்துகிறதே, என்ன அது? "அந்த நாலாவது நத்தை என்னதான் ஆச்சு?" என்று மேலே போய்ப் புரட்டிப் பார்த்தீர்களா இல்லையா?

சூப்பர்வைசரே இன்னும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் ஏன் தோண்டுகிறீர்கள்?