நைனாவுக்குக் காட்டிய டியூப்

நடந்தது இவ்வளவுதான்:

1. செஞ்சியில் நான் வேலை பார்க்கும் பால் கம்பெனிக்கு, கிருமியின் மரபணுவைத் தேடிப் பிடிக்கும் கருவி வந்தது.
2. அதைப் பார்க்க நைனா (என் அப்பா) வந்தார்.
3. நான் ஒரு டியூபைத் திறந்து காட்டினேன்.
4. கல்யாண வீட்டுக்குப் போகவேண்டிய தயிர் நின்றது.

மூன்றாவதை விளக்க வேண்டும். முன்பெல்லாம் தயிரில் சால்மோனெல்லா இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்க நாட்கணக்காகும். இந்தக் கருவியோ அதன் மரபணுத் துணுக்கைக் கோடிக்கணக்கில் பிரதி எடுத்து மறுநாளே காட்டிக்கொடுத்துவிடும். பயிற்சிக்கென்று கிருமியின் மரபணுவைக் கலந்து தந்த மாதிரியை ஓட்டினேன். 'இருக்கிறது' என்று திரையில் கோடு நிமிர்ந்து எழுந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. (சிலிர்ப்பில் புத்தி வேலை செய்யாது என்று அப்போது தெரியாது.)

நைனா இதே கம்பெனிக்குப் பால் ஊற்றுகிறவர். ஓட்டி முடித்த டியூபின் மூடியைத் திறந்து, "இதுல கோடிக்கணக்குல இருக்குது நைனா" என்றேன்.

உற்றுப் பார்த்தார். "இன்னாம்மா, தண்ணி மாறி இருக்குது."

இரவு முழுக்க வளர்த்து வைத்திருந்த கல்யாணத் தயிரின் மாதிரியை மறுநாள் சோதித்தேன். கிருமி இருப்பதாகச் சொன்னது கருவி.

முதலாளி கரீம் பாய் வாசலில் வந்து நின்றார். "கல்யாண வீட்ல பச்சடிக்கு வெங்காயத்த அரிஞ்சி வெச்சிட்டு ஒக்காந்துகினு இருக்காங்கம்மா. அனுப்பட்டா, கொட்டட்டா?"

பால் ஊற்ற வந்த நைனாவின் முகம் செத்துவிட்டது. "எம் மாட்டுப் பாலாலயா?"

ஆனால் ஒப்பிடுவதற்காகக் கூடவே ஓட்டிய, கிருமியே இருக்க முடியாத சுத்தமான நீரிலும் அதே கோடு. பயிற்சி தந்தவருக்குப் போன் செய்தேன்.

"ஓட்டி முடிச்ச டியூபைத் திறந்தீங்களா?"

"ஒரே ஒரு தடவ."

"எதுக்கு?"

"எங்க நைனா பாக்கணும்னாரு."

அவர்தான் விளக்கினார்.

மூடியைத் திறந்ததும் அந்த உயிரில்லாத பிரதிகள் கிளம்பி மேசை, கையுறை, என் துப்பட்டா என்று எங்கும் உட்கார்ந்து, அங்கிருந்து மறுநாள் சோதனைக்குள்ளும் விழுந்திருந்தன. கருவி பொய் சொல்லவில்லை. என் துப்பட்டாவைச் சோதித்துச் சரியாகவே சொல்லியிருந்தது.

ப்ளீச்சிங் கரைசலால் எல்லாவற்றையும் துடைத்து, உடை மாற்றி, பிரிக்காத சோதனை மருந்துகளோடு வேறு அறையில் அதே தயிர் மாதிரியை மறுபடி தயார் செய்து ஓட்டினேன். நீர் சுத்தம். தயிரும் சுத்தம். அதற்குள் முதல் பந்தி வெறும் வெங்காயத்தோடு பிரியாணி சாப்பிட்டு எழுந்துவிட்டது. இரண்டாம் பந்திக்குத் தயிர் போய்ச் சேர்ந்தது.

கண்ணுக்கே தெரியாத ஒன்று ஒரு கல்யாணப் பந்தியையே தயிரில்லாமல் சாப்பிட வைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான். வீட்டில் யாருக்கும் அது இல்லை. குழம்புச் சட்டியின் மூடியைத் தொடுமுன் நைனா என்னைப் பார்த்து, "தெறக்கலாமாம்மா? ஊரு தாங்குமா?" என்கிறார்.

அவர் பால் தினமும் கம்பெனிக்குள் வருகிறது. அவர் மட்டும் இப்போது கேட்டுக்கு வெளியேதான் நிற்கவேண்டும்.