எல்லா வண்டிக்கும்

அனுப்பிய பிறகுதான் தௌசீப் கவனித்தான். பெட்டியின் திரையில் ‘செம்பூர் கடை’ என்பதைத் தொடுவதற்குப் பதில், அதற்கு மேலே இருந்த ‘எல்லா வண்டிக்கும்’ என்பதைத் தொட்டிருந்தான்.

செய்தி ஒரே வரிதான்: “என்னைக் கட்டிக்கிறீங்களா?”

தாராவியில் கரீம் பாட்சாவின் தோல்பைப் பட்டறை. அவருடைய டெம்போக்களில் தௌசீப் பொருத்திய பெட்டிகள், ரோட்டில் எதிரெதிரே வந்தாலே பேசிக்கொள்ளும். எங்கே ஜாம் என்பதை ஒரு வண்டி அடுத்ததற்குச் சொல்லும், அது அதற்கடுத்ததற்கு. இன்டர்நெட் தேவையில்லை. பட்டறைச் சுவரிலும் செம்பூர் கடையிலும் ஒவ்வொரு பெட்டி; அவற்றின் செய்திகளையும் வண்டிகளே சுமந்துபோகும். சோதனை சரியாக நடந்தால் வேலை நிரந்தரம் என்று கரீம் பாட்சா சொல்லியிருந்தார். செம்பூர் கடையைப் பார்த்துக்கொள்வது அவர் மகள் ஆஸியா. அவளிடம் வாய்விட்டுக் கேட்கத் தைரியம் வராமல்தான் பெட்டியிடம் பொறுப்பை ஒப்படைத்தான்.

சரக்கேற்ற வந்த டெம்போ முதல் பதில்களைக் கொண்டுவந்தது.

“தம்பி, எனக்குப் பேரனே பொறந்தாச்சு.”

“அரே பாய், என் பீவி உதைப்பா.”

தௌசீப் பதறிப்போய், மறுபடி எல்லா வண்டிக்கும் அனுப்பினான்: “அது உங்களுக்கு இல்ல. ஆஸியாவுக்கு!”

அவ்வளவுதான். மதியத்துக்குள் கல்யாணுக்குப் போன வண்டி வரைக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆண்டாப் ஹில்லிலிருந்து ஒருவர், “பிரியாணி எப்போ?” என்று கேட்டிருந்தார். அடுத்த வண்டியில் வந்தது, செம்பூர் கடைக்குப் போயிருந்த கரீம் பாட்சாவின் செய்தி.

“பாத்தேன். பட்டறையிலேயே இரு. வாரேன்.”

தௌசீப் அவசரமாகச் செம்பூர் கடைக்கு எழுதினான்: “ஆஸியா, தப்பா நினைக்காதீங்க. எல்லாப் பெட்டியிலிருந்தும் அதை அழிச்சிடுறேன்.”

நெடுநேரம் கழித்து, வாசலில் வந்து நின்ற ஒரு டெம்போ பதிலை இறக்கியது.

“வேண்டாம்.”

ஒரே சொல். அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். உடனே போன் அடித்தது. ஆஸியா! அதையே அவள் குரலிலும் கேட்க வேண்டுமா? போனை அணைத்தான். வேலை எப்படியும் போய்விட்டது. கரீம் பாட்சா வந்து கழற்றச் சொல்வதற்குள் நாமே கழற்றிவிடுவோம் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். பட்டறைப் பெட்டியைச் சுவரிலிருந்து பிரித்து, ஒயரையும் சுருட்டி வைத்தான்.

அப்போது செம்பூரிலிருந்து வந்த டெம்போ வாசலில் நின்றது. டிரைவர் ஆறுமுகநயினார் பலமாக ஹாரன் அடித்தார்.

“என்ன தம்பி, பெட்டியக் கழட்டிட்டு உக்காந்திருக்கீய?”

“எல்லாம் முடிஞ்சுபோச்சு அண்ணே. ‘வேண்டாம்’னு சொல்லிட்டாங்க.”

ஆறுமுகநயினார் தன் வண்டியின் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

“மொதச் சொல்லு மட்டும் முந்தின வண்டியில ஏறிட்டு தம்பி, மிச்சம் என் வண்டியிலல்லா கெடக்கு! ‘அழிச்சிராதீங்க, அதைப் படிச்சிட்டுத்தான் வாப்பா ஸ்வீட் வாங்கப் போயிருக்காங்க!’”