முள்ளைப் பார்க்க ஒரு ஆள்

உலகத்தில் எது கெட்டுப்போனாலும் அதற்கு ஒரே காரணம்தான் என்று நம்பிய மனிதர் ஒருவர் காரைக்குடியில் இருந்தார். "மூச்சு பத்தலை சார்" என்பார். கார் நின்றாலும் அதுதான், சுவர்க் கடிகாரம் நின்றாலும் அதுதான். மெஸ்ஸில் இட்லி கல்லாக இருந்தால் மாவுக்கு மூச்சு பத்தவில்லை. எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் அவருக்கும் மூச்சு பத்தவில்லை. ஊரே அவரை 'மூச்சு' என்றுதான் கூப்பிட்டது. ஞானஸ்நானத்தில் சாமியார் வைத்த பெயர் மாதா கோயில் பதிவேட்டில் இருந்திருக்கும். நான் போய்ப் பார்க்கவில்லை.

மூச்சு ஒரு கார் மெக்கானிக். முன்னால் பட்டறை, பின்னால் அவர் வீடு, மேலே மாடியில் ஓர் அறை. எழுபதுகளின் நடுவில் சர்க்கார் குமாஸ்தாவாக மாற்றலாகி வந்த நான் அந்த மாடி அறைக்குக் குடிவந்தேன். வேலூர்ப் பக்கத்துக்காரன், கல்யாணம் ஆகாதவன், ஊரில் ஒரு ஆளையும் தெரியாது. வெளியூரில் தனியாக அறை எடுத்துத் தங்கியவனுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமையின் நீளம் தெரியும். எழுந்து, குளித்து, துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டுவிட்டு மணியைப் பார்த்தால் ஏழே முக்கால்தான் ஆகியிருக்கும்.

மூச்சிடம் ஒரு பழைய இங்கிலீஷ் கார் இருந்தது. அதில் அவர் டர்போ என்ற ஒன்றை மாட்டியிருந்தார். எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை போகிற போக்கில் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிடும். அந்தச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோல் நன்றாக எரியும், வேகம் கூடும். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ பிரசங்கம் செய்கிற மாதிரி இருக்கும். முதலில் தூத்துக்குடியில் உடைத்த ஒரு படகு எஞ்சினிலிருந்து சின்ன டர்போ வாங்கி வந்து மாட்டினார். அது பத்தவில்லை. எங்கோ அணை கட்டப் போன புல்டோசரிலிருந்து கழற்றிய பெரிய டர்போவைப் பிடித்துவந்தார். பானட் மூட முடியாமல் போகவே, பானட்டை வெட்டி ஓட்டை போட்டார்.

புல்டோசர் சாமான் சின்னக் காரில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அவ்வளவு பெரிய சக்கரம் சுழன்று வேகம் பிடிக்கவே நேரமாகும். இன்றைக்கு மிதித்தால் நாளைக்கு வரும் என்று ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அவ்வளவு மோசமில்லை. குன்றக்குடி ரோட்டுப் புளியமரத்தில் மிதித்தால் அடுத்த பாலத்தில் வரும்.

இந்த நுட்பம் தெரியாமல் கண்டரமாணிக்கத்துப் பண்ணையார் ஒருவர் ஆசைப்பட்டு, தன் காரிலும் அதே மாதிரி ஒன்றை மாட்டச் சொன்னார். மாட்டியாயிற்று. பண்ணையார் வீட்டு முற்றத்தில் வைத்து மிதித்தார். கார் மாட்டு வண்டி மாதிரி அசைந்தது.

"என்னப்பா மூச்சு, வண்டி நகரவே மாட்டேங்குது?"

"பொறுங்க, வந்துக்கிட்டு இருக்கு."

"என்னடா வந்துக்கிட்டு இருக்கு? காசைக் கொட்டி என் வண்டியை..."

காலை எடுக்காமலே திட்டியதுதான் தப்பு. பாதி வசவில் வேகம் வந்து சேர்ந்தது. மீதி வசவை அவர் வைக்கோற்படப்புக்குள் இருந்து சொன்னார். மூச்சு படப்பைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இப்ப மூச்சு பத்துது சார்" என்றாராம். அதற்குப் பிறகு அவரிடம் டர்போ மாட்ட யாரும் வரவில்லை.

நான் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு என் கதவைத் தட்டினார்.

"சும்மாதானே இருக்கீக? முள்ளு பாக்க ஒரு ஆள் வேணும்."

பஞ்சர் கடைக் காற்று மீட்டர் ஒன்றைக் காரின் இடது சீட்டுக்கு எதிரே திருகி வைத்திருந்தார். டர்போ எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்று அதன் முள் காட்டும். வருகிற எண்ணை நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். "உங்க பக்கமே வச்சிருக்கலாமே அண்ணே" என்றேன். "ரோட்டைப் பாக்குறதா, முள்ளைப் பாக்குறதா? ரெண்டையும் பாத்தா ரெண்டு பேரும் போய்ச் சேந்துருவோம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

பஸ் ஸ்டாண்டுக்குச் சற்றுத் தள்ளிக் காத்திருந்தோம். ஒன்பது மணிக்குக் கீழச்சிவல்பட்டி பஸ் கிளம்பியது. எங்கள் காரும் கிளம்பியது. அதை முந்தவேண்டும் என்றார்.

"எதுக்கு அண்ணே?"

"என் பொண்டாட்டி அதுலதான் போறாக."

பிறகு கதையைச் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஈஸ்டர் அன்று அவர் மனைவி சவரியம்மாள் பம்ப் ஸ்டவ்வில் கறிக்குழம்பு கொதிக்க வைத்திருந்தார். கறி பாதி வெந்திருக்கும்போது இவர் வந்து, எஞ்சினில் ஏதோ சோதித்துப் பார்க்க வேண்டுமென்று ஸ்டவ்வின் பம்ப்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அம்மையார் குழம்பை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, ஒன்பது மணி பஸ் ஏறிப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். இவர் காரில் துரத்திப் போனார். குன்றக்குடி தாண்டி ஓர் ஏற்றம் வரும். அதை ஏற்றம் என்று அந்த ஊர்க்காரர்கள்தான் சொல்வார்கள். அதில் கார் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. பஸ் போயே போய்விட்டது.

சவரியம்மாள் ஞாயிறுதோறும் காலைப் பூசைக்குக் காரைக்குடி வந்து, அதே ஒன்பது மணி பஸ்ஸில் திரும்புவார். அவர் வீட்டுக்கே போய்க் கூப்பிடலாமே என்றேன்.

"கூப்பிடாத மாமனார் வீட்டு வாசலை நான் மிதிக்கமாட்டேன் சார்."

"சரி, கோயிலில் பார்த்துப் பேசலாமே?"

"சாமியார் நடுவுல வந்துருவாரு. ரோடுன்னா சர்க்காரோடது. அங்க யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்ல. பஸ்ஸை முந்தி, குறுக்க நிப்பாட்டி, வாங்கன்னு ஒரு வார்த்தை. அம்புட்டுத்தான்."

இந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மனிதர் ஊர் ஊராக அலைந்து டர்போ வாங்கியிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பட்டறைச் சுவரில் அந்த ஸ்டவ் பம்ப்பை ஆணியில் தொங்கவிட்டிருந்தார். மனைவி போன நாளிலிருந்து மூன்று வேளையும் காபி கிளப்பில்தான் சாப்பாடு.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையிலேயே பஸ்ஸின் பின்பக்கத்தைத் தொட்டுவிடுகிற தூரத்துக்குப் போய்விட்டோம். "பன்னெண்டு!" என்று நான் கத்தினேன். மூச்சு காலை எடுத்துவிட்டார். எதிரே வண்டி வருகிறது என்றார். எனக்கு ஒரு வண்டியும் தெரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து முள் எட்டைத் தாண்டவில்லை. குன்றக்குடி ஏற்றம் வரை துரத்துவோம், பஸ் போய்விடும், திரும்பி வந்து டீ குடிப்போம். மத்தியானம் முழுக்க அவர் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பேசுவார், நான் கேட்பேன். அடுத்த வாரம் பிடித்துவிடலாம் என்பார். இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. என் ஞாயிற்றுக்கிழமைகள் எப்போது சுருங்கிப்போயின என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சொன்னேன். மூச்சு ஏற்கெனவே துடைத்து வைத்த ஸ்பார்க் பிளக்கை எடுத்து மறுபடியும் துடைத்தார்.

கடைசி ஞாயிறு. காரைக் கிளப்புவதற்கு முன்னால் குனிந்து, தன் முழங்காலுக்குக் கீழே எதையோ திருகினார். எட்டிப் பார்த்தேன். காற்றுக் குழாயில் சின்னதாக ஒரு பித்தளைத் திருகு குழாய்.

"என்ன அண்ணே அது?"

"காத்து தப்பிக்கிற வழி. இப்ப மூடிட்டேன்."

"எப்ப வச்சீங்க?"

"நீங்க வந்த மறு வாரம்."

எனக்குக் கோபம் வந்தது. மூன்று வருஷம் இந்த மனிதருக்காகத் தொண்டை கிழிய எட்டு, எட்டு என்று கத்தியிருக்கிறேன்.

"அப்ப வேணும்னே விட்டீங்களா?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "புடிச்சு, அவுக வரமாட்டேன்னு சொல்லிட்டாகன்னா? அதோட முடிஞ்சு போச்சே சார். அப்புறம் ஞாயித்துக்கிழமைக்கு என்ன செய்யிறது? நீங்களும் முள்ளு பாக்க வரமாட்டீக."

பஸ் கிளம்பியது. புளியமரத்தில் மிதித்தார். நான் முள்ளைப் பார்த்தேன். எட்டு. பத்து. பன்னிரண்டு. "அண்ணே, முள்ளு ஏறிக்கிட்டே போகுது!" பாலத்தில் வேகம் வந்தது. அந்த ஏற்றம் வந்ததே தெரியவில்லை. பஸ் எங்களுக்கு இடதுபுறம் பின்னால் நழுவியது. கடைசி ஜன்னலில் முக்காடு போட்ட ஓர் அம்மாள் வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்தார். முந்தியும் விட்டோம். ஆனால் வந்த வேகம் அடங்க இன்னும் ஒரு பர்லாங்கு ஆயிற்று. அதற்கப்புறம்தான் காரைக் குறுக்கே நிறுத்த முடிந்தது.

பஸ் வந்து நின்றது. டிரைவர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். அதற்குள் சவரியம்மாள் இறங்கி நேரே காரிடம் வந்தார்.

"இத்தனை வருசமாப் பின்னாலயே வந்தீக. இன்னைக்கு என்னத்துக்கு முந்துனீக?"

'வாங்க' என்ற அந்த ஒரு வார்த்தையை மூச்சு மறந்துபோனார். என்னைக் காட்டினார்.

"சார் ஊருக்குப் போறாரு. முள்ளு பாக்க ஆள் இல்ல."

சவரியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த முள்ளு?" என்றார். நான் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு மீட்டரைக் காட்டினேன். அவர் ஏறி உட்கார்ந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"கீழச்சிவல்பட்டி வரைக்குந்தான்" என்றார், யாரையும் பார்க்காமல்.

நான் பஸ்ஸில் ஏறினேன். கடைசி சீட்டு காலியாக இருந்தது. கண்டக்டர் சிரித்தார்.

"அது அவுக சீட்டு சார். முன்னால இடம் இருந்தாலும் உக்கார மாட்டாக. தூக்கித் தூக்கிப் போடும், இருந்தாலும் இங்கதான், ஜன்னல் வழியாப் பின்னாலயே பாத்துக்கிட்டு வருவாக."

நானும் பின்னாலேயே பார்த்துக்கொண்டு போனேன். தூசிதான் தெரிந்தது. கீழச்சிவல்பட்டியில் இறங்கி அரை மணி நேரம் நின்றேன். கார் வரவில்லை. மறுபடியும் ஏற்றத்தில் நின்றுவிட்டதோ என்று பயந்து, எதிர்ப்பஸ் பிடித்து வழி நெடுகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ரோட்டில் எங்கும் கார் இல்லை.

பட்டறை வாசலில் நின்றிருந்தது. சுவரில் ஆணி மட்டும் இருந்தது. பின்வீட்டுக்குள்ளிருந்து பம்ப் ஸ்டவ் இரையும் சத்தம் கேட்டது. கூப்பிடவேண்டும்போல் இருந்தது, கூப்பிடவில்லை. சந்தோஷம்தான். மாடிக்குப் போய் மணியைப் பார்த்தேன், பன்னிரண்டுகூட ஆகவில்லை.

எத்தனையோ ஊர், எத்தனையோ வீடு மாறிவிட்டேன். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது கதவைத் தட்டினால், சட்டையை மாட்டிக்கொண்டுதான் போய்த் திறக்கிறேன்.