பதினான்காம், இருபத்தொன்றாம் இருக்கைச் சத்தங்கள் குறித்து அக்காவுக்கு

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்காவுக்கு,

உன் தம்பி பணிவுடன் எழுதுவது. நான் நலம். (ரத்தப் பரிசோதனை முடிவு வெள்ளிக்கிழமைதான் வரும். ஆகையால் இந்த 'நலம்' என்பதை அதுவரை தற்காலிகமாகக் கொள்ளவும்.) உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என நம்புகிறேன். இப்படி நம்புவதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. நீ எழுதினால் திருத்திக்கொள்கிறேன்.

அக்கா, மனம் பரபரவென்று இருக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்கிறது, எழுந்தால் எழுதச் சொல்கிறது. இந்த நிலையில் எழுதினால் முன்னது பின்னதாகிவிடும் என்ற பயத்தில், சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. அத்தான் வாங்கிக் கொடுத்த வேலையை நான் ஒழுங்காகப் பார்த்தது.
2. பதினான்காம் இருக்கையிலும் இருபத்தொன்றாம் இருக்கையிலும் நான் கேட்ட சத்தம்.
3. அதன்மேல் நான் கொடுத்த புகார். (இங்கே நீ என்மேல் கோபப்படலாம்.)
4. ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் தெரியவந்த உண்மை.
5. விசாரணையில் நான் வாய் திறந்து பேசியது. (ஆம், நான்தான்.)
6. பசித்திருந்தவர்கள் அந்த இருவரே என்பதும், விஷயம் நல்லபடியாக முடிந்தது என்பதும்.

முதல் குறிப்பு. ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா இருந்தவனை அத்தான் கல்லூரி முதல்வரிடம் சொல்லித் தேர்வறைக் கண்காணிப்பாளராகச் சேர்த்துவிட்டது உனக்குத் தெரியும். அறையில் நாற்பத்திரண்டு இருக்கைகள்; வரிசைக்கு ஏழாக ஆறு வரிசைகள். மேலே நான்கு மின்விசிறிகள், நான்கும் மாவு அரைக்கும் இயந்திரம்போல் இரையும். எனக்கு வலது காதுதான் கேட்கும் என்பதால், நாற்காலியைச் சுவரோரமாக, இரண்டாம் வரிசையும் மூன்றாம் வரிசையும் முடியும் இடத்தில், வலது காது பிள்ளைகள் பக்கம் இருக்கும்படி போட்டுக்கொண்டேன். அங்கே என் காதுக்கு எட்டும் தூரத்தில் இரண்டே பேர். இரண்டாம் வரிசைக் கடைசியில் பதினான்கு, அவளுக்கு நேர் பின்னால் இருபத்தொன்று. இரண்டும் பெண்பிள்ளைகள். பெயர் தெரியாததால் எண்ணாலேயே குறிப்பிடுகிறேன், மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம். அவர்களும் எனக்கு 'பென்சில் தாத்தா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு மேசையில் கிறுக்கியிருந்ததைப் பார்த்தேன். எதையும் பென்சிலால் குறித்துக்கொண்டே இருப்பவனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் குறிப்பு. முதல் நாள், திங்கட்கிழமை, மணி பத்து ஐம்பது. பதினான்காம் இருக்கையிலிருந்து ஒரு சத்தம். நாற்காலியை இழுத்தது போலவும் இல்லை, இருமல் போலவும் இல்லை. தாழ்வாக ஆரம்பித்து, நீண்டு, நடுவில் ஒரு சிறு நிறுத்தம் விட்டு, மறுபடி மூன்று சின்னச் சத்தமாக முடிந்தது. நீதிமன்றத்தில் முப்பத்துநான்கு வருடம் சுருக்கெழுத்தராக இருந்தவனுக்குக் காதில் விழுவதைக் கை தானாக எழுதிவிடும். சாட்சி பேசினாலும் சரி, சாட்சி விக்கினாலும் சரி. எழுதிவிட்டேன். செவ்வாய்க்கிழமை அதே சத்தம் இருபத்தொன்றிலிருந்து வந்தது. புதன் மறுபடி பதினான்கு. ஒருத்தியிடம் சத்தம் வரும் நாளில் மற்றவள் அமைதி. சத்தம் வருகிறவள் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து எடுத்துக் குடிக்கிறாள், அதையும் குறித்துக்கொண்டேன். ஆறு நாளில் இருபத்தெட்டுச் சத்தங்கள், பதினொரு பக்கங்கள். வியாழக்கிழமை மட்டும் கணக்கு உதைத்தது. முறைப்படி அன்று இருபத்தொன்றிலிருந்து வர வேண்டிய சத்தம், முந்தின நாளைப் போலவே மறுபடி பதினான்கிலிருந்து வந்தது. அந்த ஒரு நாளுக்கு விளக்கம் கிடைக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் முழுவதையும் வீணாக்கினேன்.

மூன்றாம் குறிப்பு. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. முன்னால் இருப்பவளும் பின்னால் இருப்பவளும் முறைவைத்து எழுப்பும் சத்தத்தைச் சைகை என்று முடிவு கட்டி, விடையைச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று சனிக்கிழமையே தேர்வு அதிகாரியிடம் எழுத்துமூலமாகப் புகார் கொடுத்துவிட்டிருந்தேன். உறைகளுக்கெல்லாம் அரக்கு முத்திரை வைக்கிறவர் அவர். பிள்ளைகளுக்கு அவர் பெயரே 'முத்திரை'தான். மூன்று கடிதம் போட்டாலும் பதில் வராத அலுவலகத்தில் என் புகார் ஒரே மணி நேரத்தில் கோப்பாகிவிட்டது. நிரூபணமானால் இருவருக்கும் இந்த வருடத் தேர்வு முழுதும் ரத்து என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி. எனக்கோ படி இறங்கும்போதே, சரியாகச் செய்தோமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. வழக்கம்போல யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சின்ன வயதில் கடைக்காரர் மீதிச் சில்லறை தராவிட்டால்கூட நீதானே வந்து கேட்பாய்.

நான்காம் குறிப்பு. விசாரணை திங்கட்கிழமை பத்தரைக்கு. எனக்குச் சர்க்கரைப் பரிசோதனையும் அன்றைக்கே விழுந்தது. முந்தின இரவிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஏழரைக்குப் போனேன். ஊசி போடும் பெண் ஒன்பதரை வரை வரவில்லை. காத்திருக்கும் அறையில் நான், ஒரு செடித்தொட்டி, ஒரு கர்ப்பிணி, அவ்வளவுதான். அப்படி ஒரு அமைதி. அந்த அமைதியில், அக்கா, என் சட்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் புறப்பட்டது. தாழ்வாக ஆரம்பித்து, நீண்டு, நடுவில் ஒரு சிறு நிறுத்தம் விட்டு, மூன்று சின்னச் சத்தமாக முடிந்தது. கை பழக்கதோஷத்தில் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் அதை எழுதிவிட்டது. எழுதினதைப் பார்த்தேன். பையிலிருந்த நோட்டில் ஆறாம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கோட்டுக்குக் கோடு, வளைவுக்கு வளைவு அதேதான். அந்தக் கர்ப்பிணிப் பெண் என்னைப் பார்த்து, "பசி வந்துட்டா அப்படித்தாங்க, எனக்கெல்லாம் ரெண்டு பேரு சேர்ந்து கத்துறோம்" என்றாள். பதினொரு பக்கம் எழுதியிருக்கிறேன், ஒரு பக்கத்திலாவது 'பசி' என்று ஒரு வார்த்தை எனக்குத் தோன்றவில்லையே என்று நினைத்தேன். ரத்தம் கொடுத்ததும் பஞ்சைக்கூட எடுக்காமல் ஓடினேன். நான் ஓடி நீ பார்த்ததில்லை. பார்த்தவர்கள் வழிவிட்டார்கள்.

ஐந்தாம் குறிப்பு. முதல்வர் அறை. நீள மேசை. நடுவில் முதல்வர் அம்மா, ஒரு பக்கம் முத்திரை, மறுபக்கம் விடுதிக் காப்பாளர். மேசைமேல் ஒரு தட்டு பிஸ்கட், யாரும் தொடாதது. எதிரே அந்த இரண்டு பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். முத்திரை என் புகாரை உரக்கப் படித்தார். 'ஐயத்திற்கிடமான, இடைவெளி விட்டு எழும் தாழ்ந்த ஒலி' என்று நான் எழுதியிருந்தது அவர் வாயில் இன்னும் மோசமாக ஒலித்தது. அது என்ன சத்தம் என்று முதல்வர் கேட்டார். பதினான்கு தரையைப் பார்த்தாள். இருபத்தொன்று மட்டும் மெதுவாக, "பெஞ்சு மேடம்" என்றாள். வருடமே போனாலும் போகட்டும், உண்மையைச் சொல்ல மாட்டேன் என்கிற மாதிரி ஒரு வெட்கம் அந்த முகத்தில்.

"ஒரு நாள் முன் பெஞ்சு, ஒரு நாள் பின் பெஞ்சா? பெஞ்சுக்கு டைம்டேபிள் போட்டுக் குடுத்தது யாரு?" என்றார் முத்திரை.

நான் எழுந்தேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. முப்பத்துநான்கு வருடம் நீதிமன்றத்தில் எல்லாருடைய பேச்சையும் எழுதியவன். என் பேச்சு ஒரு வரிகூட அங்கே பதிவானதில்லை. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த நேரத்தில்தான், நீ நம்ப மாட்டாய், என் வயிறு பேசியது. காலையில் பேசியதைவிடத் தெளிவாக, மேசைக் கோடி வரை கேட்கும்படி, நீட்டி, நிறுத்தி, மூன்று சின்னச் சத்தத்தோடு முடித்தது.

முத்திரை துள்ளி எழுந்து பெண்கள் பக்கம் விரலை நீட்டி, "பாத்தீங்களா மேடம், உங்க முன்னாடியே சைகை பண்றாங்க" என்றார்.

"அவங்க இல்லைங்க. அது நான்" என்றேன்.

பேசிவிட்டேன், அக்கா. அதற்குப்பின் நிறுத்த முடியவில்லை. காலையில் சாப்பிடவில்லை என்பது, பரிசோதனை நிலையம், செடித்தொட்டி, கர்ப்பிணி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டையும் ஆறாம் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சுருக்கெழுத்து தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை, ஆனாலும் மூவரும் குனிந்து பார்த்தார்கள். இது சைகை இல்லை, வயிறு, என் புகார் தவறு, திரும்பப் பெறுகிறேன் என்றேன். திரும்பப் பெறுவதற்குப் படிவம் இல்லையே என்றார் முத்திரை. அப்படியானால் நானே ஒன்று வரைந்து தருகிறேன் என்றேன். யார் பேசுகிறார்கள் என்று எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

முதல்வர் பெண்களைப் பார்த்துக் கேட்டார், "ஏம்மா, சாப்பிடலையா?"

பதினான்குதான் பேசினாள். "ரூம்ல ரெண்டு பேரு மேடம், சாப்பாட்டுச் சீட்டு ஒண்ணுதான். இவ பேரு லிஸ்ட்ல வரலை. மெஸ்ல ஒரு சீட்டுக்கு ஒருத்தர்தான் உக்காரலாம். அதான் ஒரு நாள் நான், ஒரு நாள் இவ."

காப்பாளர் தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு வேறொரு கேள்வி தொண்டையில் நின்றது. கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டேன். "வியாழக்கிழமை மட்டும் ஏம்மா முறை மாறிச்சு?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "அன்னிக்கு நான் சாப்பிடற நாளு தாத்தா. ஆனா புள்ளியியல் பேப்பர். இவளுக்கு அது சாதாரணமாவே வராது, வெறும் வயித்துல சுத்தமா வராது. நீ போய் சாப்பிடுடின்னேன்."

"பாஸ் ஆகலைன்னா கொன்னுடுவேன்னும் சொன்னா மேடம்" என்றாள் இருபத்தொன்று.

ஞாயிற்றுக்கிழமைப் பகல் முழுவதும் நான் தேடிய விளக்கம் அதுதான். என் பதினொரு பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை, அக்கா. எல்லாம் சரியாகக் கேட்டு, சரியாக எழுதி, தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன். முதல்வர் பிஸ்கட் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினார். இருவரும் தொடவில்லை. யாராவது முதலில் எடுத்தால்தான் எடுப்பார்கள் என்று புரிந்தது. நான் எடுத்தேன். பிறகு அவர்கள் எடுத்தார்கள். இரண்டாவது பிஸ்கட்டை நான் எடுத்தது அவர்களுக்காக அல்ல என்பதையும் உண்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் குறிப்பு. முதல்வர் அங்கேயே கையெழுத்துப் போட்டு இருபத்தொன்றின் பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். அன்று மதியமே அவளுக்குத் தனிச் சீட்டு. காப்பாளரே கொண்டுவந்து கொடுத்தாராம். புகார்க் கோப்பில் முத்திரை தன் கையாலேயே 'முடிந்தது' என்று முத்திரை குத்தினார். கல்லூரியில் பசியோடிருந்தவர்கள் இருவர், இருவரும் இப்போது சாப்பிடுகிறார்கள், வருடமும் தப்பியது. ஆக எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இனி அந்த அறையில் சத்தம் கேட்காது. இனி கடைக்காரரிடம் மீதிச் சில்லறையையும் நானே கேட்டுக்கொள்வேன் என்று நினைக்கிறேன். (உறுதியாகச் சொல்லவில்லை.)

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் பெயரைக் கெடுத்துவிடவில்லை என்றும் சொல். பேரன் பேத்திகளுக்கு என் ஆசிகள். வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல். நீயும் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் பணிவுள்ள தம்பி

பின்குறிப்பு: நேற்று எழுதி முடித்தும் இதைத் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன், ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்ற வழக்கமான சந்தேகத்தில். இன்று கடைசித் தேர்வு. பத்து நாற்பதுக்கு மின்சாரம் போய்விட்டது. நான்கு விசிறிகளும் ஒவ்வொன்றாகச் சுழன்று நின்றன. அந்த அறை அமைதியாக இருந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. பதினான்கிலும் இருபத்தொன்றிலும் ஒரு சத்தமும் இல்லை. இருவரும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் முதல் வரிசையில் ஒன்று கேட்டது. பின் நான்காம் வரிசையில். ஆறாம் வரிசையில் இரண்டு, அடுத்தடுத்து. நாற்காலியை விட்டு எழுந்து, என் வலது காதை எடுத்துக்கொண்டு, வரிசை வரிசையாக நடந்தேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாரும் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார்கள். பத்தொன்பது வரை எண்ணினேன். அதற்குள் விசிறி ஓட ஆரம்பித்துவிட்டது. ஆறு நாள் அங்கே உட்கார்ந்திருந்தும், காதுக்குப் பக்கத்தில் இருந்த இருவரைத்தான் பசித்தவர்கள் என்று எண்ணியிருக்கிறேன். நாளைக் காலை பத்தரைக்கு முதல்வர் அறைக்குப் போகிறேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போகிறேன். என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை. ஒருவேளை வாய் வராமல் போனால் என்ற முன்யோசனையில், இன்று இரவிலிருந்தே ஒன்றும் சாப்பிடாமல் போவதாக இருக்கிறேன். ஆறாம் குறிப்பு தவறு, அக்கா.