பிக்ஸிக்கு ஊழியர் எண்

உலகின் தலைசிறந்த ஆங்கிலச் சொல் 'பிக்ஸிலேட்டட்' என்று, ஹெப்பாளில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனம் தன் மூன்றாம் மாடிக் கூட்டத்தில் ஒருமனதாக முடிவு செய்தது.

அதற்கு முந்தைய நாள்வரை அங்கே பெரும் துயரம். வாடிக்கையாளரான லண்டன் ஹோட்டல்காரர் ஜனவரியிலேயே தேவைகளின் பட்டியலை மாற்றி அனுப்பியிருந்தார். ஆனால் நூற்றிருபது பேர் நான்கு மாதம் பழைய பட்டியலை வைத்தே அரும்பாடுபட்டிருந்தார்கள். காரணம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது.

மேனேஜர் செந்தில்நாதன் ஜோதிமணியை அழைத்தார். ஆவணங்கள் எழுதும் பெண். வருகிற வெள்ளிக்கிழமை அவள் வேலை நிரந்தரமாக வேண்டும். ஹனூரில் அவள் அப்பா கரியப்பன் அது ஆகிவிட்டதாகவே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

"தப்பு நடந்திருக்கு. ஆனா யாரும் பண்ணல. இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை பாரு கணம்மா. நீதான் கதைப் புஸ்தகமெல்லாம் படிக்கிறியே," என்றார். 'அம்மா' என்பது அவர் வாயில் கன்னட வழக்கில் 'கணம்மா' என்றே வரும்.

"புதுப் பட்டியலை உங்களுக்கு மூணு தடவை மெயில் பண்ணுனனுங்க சார்."

"அது வேண்டாம். வார்த்தை மட்டும் போதும்."

மறுநாள் கூட்டத்தில் ஜோதிமணி அகராதியிலிருந்து வாசித்தாள். மேற்கு இங்கிலாந்தில், பழகிய வயலிலேயே வழி தெரியாமல் சுற்றியவர்களை 'பிக்ஸி' என்ற குட்டித் தேவதைகள் இழுத்துப் போனதாகச் சொல்வார்களாம். அந்தப் பேச்சே அமெரிக்கா போய், புத்தி மயங்கியவர் என்ற பொருளில் 'பிக்ஸிலேட்டட்' ஆனதாம்.

"குடிச்சவங்களையும் இப்படித்தான் சொல்லுவாங்களாமுங்க."

"அதை மினிட்ஸ்ல போடாதே," என்றார் செந்தில்நாதன்.

"பரிகாரம் உண்டா?" என்று கேட்டார் ஹெச்.ஆர். உமாதேவி.

"மேல்சட்டையைத் திருப்பிப் போட்டா வழி தெரியுமாமுங்க."

வியாழனன்று கம்பெனி டீ-ஷர்ட்டை எல்லோரும் உள்புறம் வெளியே தெரியப் போட்டு வந்தார்கள். லோகோ தெரியவில்லை என்று காவலாளி பழனிமுத்து அனைவரையும் வாசலிலேயே நிறுத்தினார். மதியம்வரை யாருக்கும் வழி கிடைக்கவில்லை. லண்டனுக்கு அனுப்ப அழகான புகைப்படம் மட்டும் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை மிச்சமிருந்தது மூல காரணப் படிவம் ஒன்றுதான். ஜோதிமணி தட்டினாள். காரணம்: பிக்ஸி. கணினி மறுக்காமல் ஏற்றது. அடுத்த கட்டம்: 'தவறுக்குப் பொறுப்பானவரின் ஊழியர் எண்'. அதை நிரப்பாமல் மேலே நகராது. நிறுவனத்தின் நேர்மைக்கு அது ஒரு சான்று.

"உன் நம்பரைப் போட்ரு," என்றார் செந்தில்நாதன். "வார்த்தையைக் கொண்டுவந்தது நீதானே. சும்மா ஃபார்மாலிட்டி."

"அப்ப என்ற வேலைக்கான கன்ஃபர்மேஷனுங்க?"

"அது வேற ஃபார்ம்."

"அந்த ஃபார்ம்ல, 'மூல காரணத்துல இவர் பேர் இருக்கா'ன்னு கேக்குதுங்க சார்."

"கேக்கட்டும். இந்த உலகத்துல எந்த பிக்ஸிக்குக் கணம்மா எம்ப்ளாயி நம்பர் இருக்கு?"

ஜோதிமணி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கழுத்தில் தொங்கிய ஊழியர் அட்டையை நிதானமாகப் படித்து, ஆறு இலக்கங்களையும் தட்டினாள்.

"இருக்குதுங்க சார்," என்று பொத்தானை அமுக்கினாள்.