பூசணியின் சொந்தக்காரரை நான் உடைத்த கதை

காயை உடைத்தது நான். பழியைச் செல்வி மேல் போட்டதும் நான். இரண்டையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் எழுதிக்கொண்டே போகும்போது நடுவில் ஓர் அணிலைக் கொண்டுவந்து தப்பிக்கப் பார்ப்பேன். (ஏற்கெனவே ஒரு தடவை கொண்டுவந்தேன். எடுபடவில்லை.)

என் மருமகள் காயத்ரிக்குத் தரமணியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. காய்கறிகளில் புது ரகம் உருவாக்குகிறார்கள். மற்றவர்கள் நெல், தக்காளி என்று கௌரவமாக ஏதாவது எடுத்துக்கொள்ள, இவள் பூசணியைப் பிடித்துக்கொண்டாள். அதிலும் பூசணியைவிட அதன் காட்டு உறவுகள் மேல்தான் பிரியம்.

"இது பூசணிக்குச் சொந்தக்காரர் மாமா. வாயில வைக்க முடியாது, அவ்வளவு கசப்பு. ஆனா சாம்பல் நோய் வந்து தோட்டமே வெள்ளையாப் போனாலும் இது அசையாது. அந்த ஒரு குணத்தை மட்டும் எடுத்து நம்ம பூசணிக்குக் கொடுக்கணும்" என்று விளக்கினாள்.

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு அத்திம்பேர் உண்டு.

வெளிநாட்டு விதை வங்கி ஒன்றுக்கு எழுதி, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய விதைகள். நிலையத்துத் தோட்டத்தில் நட்டவை மழைத்தண்ணீரில் அழுகிவிட்டன. மிஞ்சிய ஒரே கொடியை அனுமதி வாங்கி எங்கள் மயிலாப்பூர் வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுவந்தாள். விடியற்காலையில் மாடியேறி ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவி, பூவின் வாயை நூலால் கட்டிவிட்டு வருவாள். (என் பிள்ளைக்குப் பெண் பார்க்க நாங்கள்கூட இவ்வளவு கவனம் எடுக்கவில்லை.) பல பூக்களில் பிடித்தது ஒன்றே ஒன்று. டென்னிஸ் பந்து அளவு, கரும்பச்சை, மேலே வெள்ளைக் கோடுகள். அதற்குப் பிறகு கொடியும் வாடத் தொடங்கியது.

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்னால் காட்டுப் பாகல் தேடி ஏதோ மலைக்குக் கிளம்பினாள். "காம்பு காயற வரைக்கும் யாரும் தொடக் கூடாது மாமா. இந்த விதை போச்சுன்னா மறுபடி கேட்டா விதை வங்கியில தரமாட்டா" என்றாள். கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஒரு காயைப் பார்த்துக்கொள்ள மாட்டேனா?

ஆயுத பூஜையன்று சாயங்காலம் என் மனைவி வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏன்னா, கார் பூஜைக்குப் பூசணிக்காய் வாங்கிண்டு வந்தேளோன்னோ?"

மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறந்துவிட்டேன். மாட வீதிக்கு ஓடினேன். மலைபோல் குவித்திருந்த பூசணி எல்லாம் போய், வைக்கோல்தான் கிடந்தது. வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைய தைரியமில்லை. பின்பக்கமாக மாடியேறினேன். அந்தக் காய் என்னைப் பார்த்தது. பூசணிக்குச் சொந்தக்காரர்தானே, அவசரத்துக்குச் சொந்தக்காரர் உதவமாட்டாரா என்று தோன்றியது. பேனாக்கத்தியால் காம்பை அறுத்தேன்.

"இதென்னன்னா, எலுமிச்சம்பழத்துக்கு அண்ணாவா?" என்றாள் மனைவி.

"இப்பல்லாம் சின்ன சைஸ்லதான் வர்றது."

குங்குமம் அடைக்க ஓட்டை போடப் பார்த்தேன். கத்தி வழுக்கியது. மேலேயே குங்குமத்தை அப்பி, உருண்டு உருண்டு விழுந்த கற்பூரத்தை ஒருவழியாக நிற்கவைத்து, காரை மூன்று சுற்றுச் சுற்றி, தெருவில் ஓங்கி அடித்தேன். அது உடையவில்லை. எகிறியது. மறுபடி அடித்தேன். இன்னும் உயரமாக எகிறி, கேட்டுக்கு எதிரே நின்ற ஆட்டோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"இன்னா தாத்தா, ஸ்டெம்ப பாத்து அடிக்கிறியா?" என்றார் ஆட்டோக்காரர்.

"பூசணிக்காய்ப்பா. திருஷ்டிக்கு."

"பூஸ்ணியா? பந்து மாரி எகுறுது! இரு நைனா, நான் கழிச்சி உட்றேன்." வண்டியைப் பின்னால் எடுத்தார். டப்! "போச்சு தாத்தா, ஊர் கண்ணு எல்லாம்!"

உள்ளே போய்ச் சுண்டலை வாயில் போட்டேன். கசந்தது. கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் கசப்பு போகவில்லை.

மறுநாள் மத்தியானம் காயத்ரி வந்தாள். பையைக்கூட வைக்காமல் மாடிக்கு ஓடினாள். நான் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, காய் எங்கே?"

"அணில் ஏதாவது..."

"கத்தியால அறுத்திருக்கு. அணில்கிட்ட ஏது கத்தி?"

அவள் உதடு நடுங்கியது. உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "செல்விதான் துணி காயப்போட மாடிக்குப் போனா" என்றேன். பொய்யில்லை, போனாள்தான். எங்கள் வீட்டு வேலைகளைப் பல வருஷமாகச் செய்பவள். தினமும்தான் மாடிக்குப் போவாள். அந்த ஒற்றை வாக்கியத்தை அந்த இடத்தில் வைத்ததுதான் என் அயோக்கியத்தனம்.

செய்தி என் மனைவி வழியாகச் செல்விக்குப் போனது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை காயத்ரி செல்வியின் வீடு இருக்கும் பட்டினப்பாக்கத்துக்குக் கிளம்பினாள். "திட்டப் போகல. விதையாவது இருக்கான்னு கேக்கறேன்." நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். வழி நெடுக வாயைத் திறந்தேன், மூடினேன். பல் வலியா என்று கேட்டாள்.

ஹவுசிங் போர்டு குடியிருப்பின் குழாயடியில் செல்வி குடத்தோடு நின்றாள். காயத்ரியைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"இன்னா சார், நான் எத்துக்கினு பூட்டேன்னு சொன்னியாமே? அந்தக் காய நாய்கூட மோந்து பாக்காது. அத்த வச்சி நான் இன்னா, கூட்டா வெக்கப்போறேன்?"

"யாருடி இந்தப் பெருசு?" என்று ஒரு குடம் கேட்டது. எட்டுப் பத்துக் குடங்கள் எங்களைச் சுற்றி நின்றன.

"நீ எடுக்கலை செல்வி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நான்தான் எடுத்தேன். கார் திருஷ்டிக்கு உடைச்சுட்டேன். உன் மேல பழி விழற மாதிரி பேசினேன். தப்பு. மன்னிச்சுடு."

"திருஷ்டிக்கா?" என்றாள் காயத்ரி மெல்ல. "மாமா, அது மெக்சிகோ விதை."

"அந்தத் தகர டப்பா காருக்கா?" என்றாள் செல்வி. "அத்தப் பாத்து யாரு சார் கண்ணு வெக்கப்போறாங்க?"

குழாயடியே சிரித்தது. காயத்ரி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணில் நீர் கோத்திருந்தது. அதைப் பார்த்ததும் செல்வி குடத்தை இறக்கினாள்.

"அழாத காயத்ரிம்மா. கேட்டாண்ட செவப்பா நசுங்கிக் கெடந்துச்சே, அதுவா? நேத்து நான்தான் கூட்டி அள்ளுனேன். என் தம்பி ஓட்ற குப்ப வண்டிலதான் போச்சு. உரம் போட்ற எடத்துல கொட்டிருப்பான், வா." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயும் வா சார். ஒடச்சவன்தான் பொறுக்கணும்."

உரக்கிடங்கில் மயிலாப்பூர் மொத்தமும் கழித்த திருஷ்டி மலையாகக் குவிந்திருந்தது. எங்கே பார்த்தாலும் பூசணி, எங்கே பார்த்தாலும் குங்குமம், கோடிக்கணக்கில் விதைகள். நிற்கவே பயமாக இருந்தது. செல்வியின் தம்பி எங்கள் தெருக் குப்பையைக் கொட்டிய மூலையைக் காட்டினார். அங்கே குனிந்தேன். நல்ல பூசணிக்குச் சதை வெள்ளை, ஓடு மெல்லியது. நான் தேட வேண்டியது கட்டி ஓடு, வெள்ளைக் கோடு. வெயில் ஏறியது. என் வேட்டி யாரோ என்னைக் குத்திவிட்ட மாதிரி சிவந்தது.

"இதானே?" என்றாள் செல்வி. டயர் தடம் பதிந்த ஓர் ஓட்டுத்துண்டு. உள்ளே நாரோடு ஒட்டிக்கொண்டு சின்னச் சின்ன விதைகள். காயத்ரி குப்பையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பாதி விதைகள் நசுங்கியிருந்தன. மீதியில் பல முற்றவில்லை. நட்டதில் மூன்று முளைத்தன. மூன்றும் காய்த்து, இன்று நிலையத்தின் குளிர் அறையில் அவற்றின் விதைகள் பத்திரமாக இருக்கின்றன.

செல்வி ஒரு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள், ஒரு நிபந்தனையோடு. மாடிக்குப் போகமாட்டாள். அன்றிலிருந்து துணி காயப்போடுவது என் வேலை. மழை வரும்போல் இருந்தால் கீழேயிருந்து குரல் வரும்: "சார், துணிய எடு! அத்தயாச்சும் ஒடைக்காம எட்த்துனு வா!"

விதையைக் குளிர் அறையில் வைக்கும்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். அதன் நகல் ஒன்றைக் காயத்ரி வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். வருகிற விருந்தாளிகள் எல்லோரும் அதைப் படித்துவிட்டுத்தான் காபி குடிக்கிறார்கள். மீட்டவர் என்ற இடத்தில் 'செல்வி, பட்டினப்பாக்கம்' என்று அச்சடித்திருக்கிறது. அதற்குக் கீழே, இந்த இனத்துக்கு உள்ள ஆபத்துகள் என்ற இடத்தில், காயத்ரி பேனாவால் எழுதியது: வெள்ளம், வெயில், மாமனார்.