பதினேழாம் எண் பஸ் கோழிக்கூடான வரலாறு

பில்பெரி கவுண்டி என்னும் எங்கள் சின்ன மாவட்டத்தில் ஒரு மனிதர் எதில் வேண்டுமானாலும் குடியிருக்கலாம். ஆனால் அது என்ன பொருள் என்பது முதலில் அலுவலகத்துக்குத் தெரிந்தாக வேண்டும். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இன்னதென்று தெரியாத பொருளுக்கு எந்தப் படிவத்தை நீட்டுவது?

வெர்னா ஸ்டபில்ஃபீல்ட் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவள். அவள் கணவன் ஆரின் தச்சன். பேச்சு குறைவு, அளவு நாடா மட்டும் எப்போதும் இடுப்பில் தொங்கும். அவர்கள் பதினெட்டு வருடம் குடியிருந்த வாடகை வீட்டைச் சொந்தக்காரர் யாருக்கோ விற்றுவிட்டார். அக்டோபர் முதல் தேதிக்குள் காலி செய்தாக வேண்டும். வேறு வீடு பார்த்தார்கள். பார்த்த வீடுகளின் வாடகையைக் கேட்டால், இன்னும் இரண்டு தம்பதிகளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டால் கட்டலாம் போலிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடம் தன் பதினேழாம் எண் பஸ்ஸை ஏலம் விட்டது. ஏலத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பழைய இரும்பு எடுப்பவர். ஒருவர் வேறு ஏலம் என்று நினைத்து வந்தவர். மூன்றாவது வெர்னா.

நான் ஊரில் ஆணியும் பெயிண்டும் விற்கும் கடைக்காரன். திருகாணி வாங்க வந்தபோது அவளிடம் கேட்டேன்.

"பஸ்ஸை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே, வெர்னா?"

"குடியிருக்கப் போறேன்."

"விளையாடாதே."

"இருபத்திரண்டு வருஷம் பகலெல்லாம் அதுலதானே கெடந்தேன்? பாக்கி நேரமும் இருந்துட்டுப் போறேன்."

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருவதிலேயே முதல் சிக்கல் வந்தது. மஞ்சள் நிறத்தோடு பள்ளிக்கூட பஸ்ஸைத் தனி ஆள் சாலையில் ஓட்டக் கூடாது. பள்ளி வளாகத்துக்குள் பெயிண்ட் அடிக்கவும் கூடாது. ஆகவே, மஞ்சளாக இருக்கும்வரை வெளியே போக முடியாது. வெளியே போகும்வரை மஞ்சளாகத்தான் இருக்க முடியும். ஆரின் யோசித்தான். வீட்டிலிருந்த போர்வை, திரைச்சீலை, தேவாலயத்திலிருந்து இரவல் வாங்கிய மேசைவிரிப்பு எல்லாவற்றையும் கட்டி பஸ்ஸை மூடினான். பாதி வழியில் போலீஸ்காரர் நிறுத்தினார்.

"உள்ளே என்ன இருக்கு?"

"பஸ்ஸு."

"என்ன கலர்?"

"போர்வை கலரு, சார்."

அவர் போர்வையைப் பார்த்தார். அதைத் தூக்கிப் பார்க்கத் தமக்கு ஆணை எதுவும் இல்லை என்பதை உணர்ந்தார். 'நிறம்: போர்வை' என்று குறித்துக்கொண்டு வழிவிட்டார்.

ஆரினின் அண்ணன் தன் புல்நிலத்தின் ஓரத்தில் இடம் கொடுத்தார். ஆரின் இருக்கைகளைக் கழற்றினான். கட்டில் போட்டான், அடுப்பு வைத்தான், ஓர் ஆள் திரும்பாமல் நின்றால் குளிக்கக்கூடிய குளியலறையும் கட்டினான். வெளியே நீல பெயிண்ட். பார்க்க அழகாகவே இருந்தது. ஆகவே ஊரில் எல்லோரும் கூடி மனு எழுதினோம். 'பேருந்தில் மனிதர் வசிப்பது இவ்வூரின் கண்ணியத்துக்கும் வீட்டு மதிப்புக்கும் ஊறு விளைவிக்கும்' என்பது அதன் சாரம். நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த நீல பெயிண்டை விற்றவனும் நான்தான். ஆனால் அது வியாபாரம், இது கொள்கை.

மனுவின் பேரில் ஆவன செய்யும் பொருட்டு, கவுண்டியின் திட்ட அலுவலர் கார்லோட்டா பென்ரோஸ் கணவன் மனைவி இருவரையும் அழைத்தார். நல்ல பெண்மணி. விதிப்புத்தகத்துக்கு வெளியே யாருக்கும் ஒரு தீங்கும் செய்ததில்லை.

"இது வண்டியா, வீடா?" என்று கேட்டார்.

"வீடு, மேடம்" என்றாள் வெர்னா.

"சக்கரம் இருக்கே?"

"சரி, அப்ப வண்டி."

"வண்டியில குடியிருக்கக் கூடாதும்மா."

"சக்கரத்தைக் கழட்டிடறோம்."

"கழட்டினா அது வீடு. வீடுன்னா குறைஞ்சது தொள்ளாயிரம் சதுர அடி இருக்கணும். உங்களது எவ்வளவு?"

"இருநூத்தி நாப்பது" என்றான் ஆரின்.

"பார்த்தீங்களா? வீடா இருக்கறதுக்குச் சின்னது. வண்டியா இருக்கறதுக்கு உள்ள கட்டில் கெடக்கு."

"ரெண்டு சக்கரத்தை மட்டும் கழட்டிட்டா?" என்றாள் வெர்னா, எரிச்சலில்.

கார்லோட்டா அதை எரிச்சலாக எடுத்துக்கொள்ளவில்லை. புத்தகத்தைப் புரட்டினார். கால் மணி நேரம் தேடினார். "ரெண்டு சக்கரத்தைப் பத்தி விதி எதுவும் இல்ல. விதி இல்லாததைச் செஞ்சா அது விதிமீறல்."

வெர்னா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "மேடம், இன்னும் பத்தொம்பது நாள்ல எங்களுக்குப் படுக்க இடமில்ல. எங்களைக் கோழின்னு நெனச்சாவது ஒரு வழி சொல்லுங்க" என்றாள்.

கார்லோட்டாவின் விரல் நின்றது. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போனது.

"கோழின்னா வழி இருக்கு" என்றார்.

விவசாயக் கட்டுமானங்கள், பிரிவு பதினொன்று. கோழிக்கூட்டுக்குக் குறைந்தபட்ச அளவு கிடையாது. சக்கரம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கோழியைப் பராமரிக்கும் பணியாளர், ஆறு கோழிக்கு இருவர் வீதம், கூட்டிலேயே தங்கலாம்.

"எங்ககிட்ட கோழி இல்லியே."

"எங்கிட்டயும் இல்ல. படிவம் இருக்கு, தரட்டுமா?"

அப்படித்தான் ஆறு கோழிகள் வந்தன. பத்து நாள் கழித்து கார்லோட்டா சோதனைக்கு வந்தார். பஸ்ஸுக்குள் ஏறி, கட்டிலையும் கடந்து, எண்ணினார்.

"அஞ்சுதான் இருக்கு."

"ஆறாவது குளியலறையில, மேடம்."

"அங்க என்ன பண்ணுது?"

"அது அதோட சொந்த விஷயம்."

"இந்த அடுப்பு?"

"கோழிக்குத்தான்."

"கோழி சமைக்குமா?"

வெர்னா குரலைத் தாழ்த்தினாள். "மெதுவாப் பேசுங்க மேடம். அதுங்க காதுல விழப் போகுது."

கார்லோட்டா தலையசைத்து எழுதினார்: 'பணியாளர் பகுதி தூய்மையாக உள்ளது. கோழிகள் மனநிறைவுடன் காணப்படுகின்றன.' வாசலில் தகரப் பலகை அடித்தார்கள்: கோழிக்கூடு எண் 31. அக்டோபர் முதல் தேதி காலை மழை பெய்தது. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்டபடி வெர்னா காபி குடித்தாளாம். "இனிமே நம்மளை யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டு அழுதாளாம். ஆரின் எழுந்துபோய், ஒழுகாத ஜன்னலை ஒழுகுகிறதா என்று பார்த்தானாம்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டியது. ஆனால் நகரத்திலிருந்து ஒரு ஜோடி வந்தது. பெண் பெயர் சாஃப்ரன், பையன் பெயர் டேட். எளிய வாழ்க்கையைத் தேடி நாட்டைச் சுற்றுகிறவர்கள். அந்த எளிமையைப் படம் பிடிக்க நான்கு கேமரா, ஒரு விளக்கு, பறக்கும் கேமரா ஒன்று.

"நீங்க இந்த வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்ததுக்குப் பின்னால இருக்கற தத்துவம் என்னங்க?" என்று சாஃப்ரன் கேட்டாள்.

"வாடகை" என்றாள் வெர்னா.

டேட் கண்ணை மூடிக்கொண்டான். "வாவ்! இந்த உடம்பே ஆத்மா வாடகைக்கு இருக்கற எடம்தானே" என்றான். அந்த வாசகத்தோடு படம் வெளிவந்தது. எட்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து பிரிவு பதினொன்று என்பது ஒரு வாழ்க்கைமுறை ஆயிற்று. தலைநகரத்து வக்கீல்கள்கூட இரவு விருந்தில், "நாங்களும் கூட்டுக்கு மாறலாம்னு பாக்கறோம்" என்று பேசிக்கொள்வதாகக் கேள்வி.

எங்கள் ஊர் ஒரு படி மேலே போயிற்று. தேவாலயத்தின் பொது விருந்தில், தட்டு நிறைய உருளைக்கிழங்கோடு உட்கார்ந்திருந்த பல் வைத்தியர் தர்லோ திடீரென்று முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"கோழிக்கூட்டுக்குச் சொத்து வரி உண்டா?"

"கிடையாது" என்றார் கார்லோட்டா.

"குறைஞ்ச அளவு இல்லேன்னு சொன்னீங்க. அதிகபட்ச அளவு?"

விருந்து முழுக்கக் கார்லோட்டா பக்கம் திரும்பியது. கார்லோட்டா கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"அதுவும் இல்ல."

திங்கட்கிழமை, நாலு படுக்கையறையும் இரண்டு கார் நிற்கும் கொட்டகையும் கொண்ட தர்லோவின் செங்கல் மாளிகை கோழிக்கூடு எண் 32 ஆயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் தகரப் பலகை தீர்ந்துபோயிற்று. என் வீடு 118. ஒரு வருடத்தில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கூடுகள். வீடு என்று ஒன்றுகூட மிச்சமில்லை.

கோழிதான் போதவில்லை. உண்மையைச் சொன்னால், யாரும் வாங்கவில்லை. அது அசிங்கம் பண்ணும். சோதனைக்கு முந்தின நாள் வெர்னாவிடம் போய் அந்த ஆறையும் இரவல் வாங்கிவருவோம். சோதனை முடிந்ததும் பின்கதவு வழியாக அடுத்த வீட்டுக்குப் போகும். கார்லோட்டாவுக்கு ஒருமுறை சந்தேகம் வந்தது.

"இந்தச் செவலைக் கோழியை இன்னிக்கு மூணு எடத்துல பார்த்துட்டேனே?"

"குடும்ப ஜாடை, மேடம்" என்றேன். குறித்துக்கொண்டார்.

இதில் ஒரு சிறு இழப்பும் உண்டு. கோழிக்கூட்டுக்கு அடியில் நிலவறை இருக்கக் கூடாது என்பது விதி. சூறாவளி வந்தால் ஒளிந்துகொள்ள எங்கள் தாத்தாக்கள் தோண்டி வைத்த நிலவறைகளை எல்லோரும் சிமெண்ட் போட்டு மூடினோம். சிமெண்டும் என் கடையில்தான் வாங்கினார்கள். கூடவே இரண்டாவது மனு ஒன்றும் எழுதினோம்: 'தரமான செங்கல் கோழிக்கூடுகள் உள்ள பகுதியில் பழைய பஸ் ஒன்று கோழிக்கூடாக இருப்பது கண்ணியக் குறைவு.' இதிலும் கொள்கைதான்.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு அபாயச் சங்கு ஊதியது. மேற்கே வானம் பாசி நிறமாகி, அதிலிருந்து ஒரு தும்பிக்கை தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் நிலவறைக்கு ஓடினோம். சிமெண்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தோம். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குச் சூறாவளியே தேவலை.

அப்போது ஹாரன் கேட்டது. கோழிக்கூடு எண் 31 தெருமுனையில் திரும்பி வந்தது. வெர்னா கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க! வரிசையா! தள்ளாதீங்க! தர்லோ, அந்தக் கோல்ஃப் பையைத் தூக்கி எறி!"

"இது விலை உசந்த..."

"அப்ப நீ எறங்கு, அது வரட்டும்."

பையை எறிந்தார். வீடு வீடாக நின்று ஏற்றினாள். நடக்க முடியாதவர்களை ஆரின் தோளில் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினான். அலுவலக வாசலில் கார்லோட்டா புத்தகத்தோடு நின்றிருந்தார்.

"அனுமதி இல்லாம கூட்டை எடம் மாத்தறது..."

"ஏறறியா, இல்ல படிவம் தரணுமா?" என்றாள் வெர்னா. கார்லோட்டா ஏறினார். அன்றைக்கு மட்டும் வெர்னா அவரை மேடம் என்று கூப்பிடவில்லை, அவரும் கவனிக்கவில்லை.

ஐம்பத்திரண்டு பேர், ஆறு கோழி. குளியலறையில் மட்டும் ஐந்து பேர். இடி இடித்தபோது பின்னால் யாரோ பெரிதாக அழ ஆரம்பித்தார்கள். "பின்னாடி என்ன சத்தம்? உக்காருங்க எல்லாரும்!" என்று கண்ணாடியில் பார்த்து ஒரு அதட்டல். நாற்பது வயதுக்காரர்கள் அப்படியே அடங்கினோம். எங்களில் பாதிப் பேர் சின்ன வயதில் அதே குரலுக்கு அடங்கியவர்கள். தெற்கே பதினொரு மைல் விரட்டினாள். கார் வைத்திருந்தவர்களும் பின்னாலேயே வந்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

திரும்பி வந்தபோது ஊரில் பாதிக்குக் கூரை இல்லை. தர்லோவின் மாளிகையில் படிக்கட்டு மட்டும் நின்றது, மேலே போக ஒன்றும் இல்லாமல். என் வீட்டில் அதுவும் இல்லை.

மூன்றாம் நாள் தலைநகரத்திலிருந்து நிவாரண அதிகாரி வந்தார். பெயர் அர்னோ. கழுத்துப்பட்டி கசங்காத மனிதர். பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் மேசை போட்டு உட்கார்ந்தார். இடிபாட்டில் மிஞ்சியதைக் கட்டிய துணிமூட்டையோடு நாங்கள் முன்னால் நின்றோம்.

"முதல்ல என் பாராட்டு" என்றார் அர்னோ. "இவ்வளவு பெரிய சூறாவளியில ஒரு வீடுகூட இடியாத ஒரே கவுண்டி உங்களதுதான். தலைநகரத்துல அசந்துபோயிட்டாங்க."

"சார், ஊரே இடிஞ்சு கெடக்கு" என்றார் தர்லோ.

"அதெல்லாம் கோழிக்கூடு. பதிவேட்டுல இருக்கு, நூத்தி ஆறு கூடு சேதம். வீடு, சேதம் பூஜ்யம். இருந்தாத்தானே இடியறதுக்கு?"

"அது வரிக்காக, சார்..." என்று ஆரம்பித்த குரல், அது எந்த அதிகாரியிடம் சொல்லப்படுகிறது என்பதை உணர்ந்து பாதியில் நின்றது.

"கவலைப்படாதீங்க. கோழிக்கும் நிவாரணம் உண்டு. ஒரு கோழிக்கு ஒரு மூட்டை மக்காச்சோளம். உயிரோட உள்ள கோழியைக் காட்டணும்." பதிவேட்டைப் பார்த்தார். நிமிர்ந்தார். "எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பணியாளர் நானூத்தி இருபத்தி நாலு பேருன்னு இருக்கு. உயிரோட இருக்கற கோழி ஆறு. மத்தவங்க எல்லாம் இத்தனை நாளா எதைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அர்னோ அதையே பதிலாக எழுதிக்கொண்டார்.

வெர்னா கோழிகளைக் கொண்டுவந்து மேசைமேல் விட்டாள். ஆறு மூட்டைகள் இறங்கின. "எனக்கு ஒண்ணு போதும், பாக்கியை நீங்க எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, ஆரினோடு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

ஐந்து மூட்டை, ஒரு ஊர். வரிசையாகத்தான் நிற்க ஆரம்பித்தோம். பிறகு, முன்னால் போவதற்காகக் கொஞ்சம் சிறகடித்தோம். கொஞ்சம் கொத்திக்கொள்ளவும் செய்தோம்.